எப்போது திறப்பது இந்தப் புட்டியை?

ஏப்ரல் மாதம் பிரான்சின் போர்டோ நகரத்தில் ஒயின் வியாபாரி யார், சுற்றுலாப் பயணி யார் என்று தெரிந்துகொள்ள ஆளைச் சிரிக்க வைத்தால் போதும். காலையிலிருந்து ஐம்பது, அறுபது சிவப்பு ஒயின்களை வாயில் ஊற்றி, அலசி, துப்பியவருக்குப் பல்லும் நாக்கும் கருநீலமாகியிருக்கும்.

அவர்கள் ருசிப்பது கடைக்கு வந்த சரக்கல்ல. முந்தைய செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சையின் ஒயின். வயது ஆறு மாதம்தான். இன்னும் ஓராண்டாவது ஓக் மரப் பீப்பாயில் கிடந்த பிறகே அது புட்டிக்கு வரும். ஆனாலும் ஒரு மிடறை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இதைப் பத்து வருடத்துக்குத் திறக்காதீர்கள், நாற்பது வருடம் தாங்கும் என்று குறிப்பெழுதிவிடுவார்கள். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு மற்றவர்கள் முழுப் பணமும் கட்டுவார்கள். சரக்கு கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும். ஆன் ப்ரிமர் என்று பெயர் கொண்ட இந்த முன்விற்பனை, கேட்பதற்கு ஜோசியமும் சூதாட்டமும் கலந்ததுபோல் இருக்கும். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் அந்த ஒரு மிடறுக்குள் உண்மையாகவே படிக்கக்கூடிய செய்தி நிறைய இருக்கிறது. காலம் எதை மாற்றும், எதை மாற்றாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது பிடிபடும்.

முதலில் கோப்பைக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். போர்டோவின் சிவப்பு ஒயின் பெரும்பாலும் பல திராட்சைகளின் கலவை. காரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகி அட்லாண்டிக்கில் விழுகின்றன. இடது கரையில், மெதோக் பக்கம், சரளைக்கல் நிலம். தண்ணீர் நிற்காது, வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் காபர்னே சோவின்யோனுக்கு அந்தச் சூடு வேண்டும். வலது கரையில், சாந்தெமிலியோன், பொமெரோல் பக்கம், களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். குளிர்ந்த மண். அங்கே சீக்கிரம் பழுக்கும் மெர்லோ செழிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயிரிடும் வழக்கத்துக்கு ருசி மட்டும் காரணமல்ல, பயமும் காரணம். மெர்லோ முதலில் துளிர்விடும், ஏப்ரல் உறைபனியில் கருகும். காபர்னே கடைசியில் பழுக்கும், அக்டோபர் மழையில் மாட்டிக்கொள்ளும். ஒன்று போனால் இன்னொன்று வீட்டைக் காப்பாற்றும்.

காபர்னே சோவின்யோன் பழம் நாம் வாங்கும் பன்னீர் திராட்சையைவிடச் சிறியது. தோல் தடிமன், விதை பெரிது, சாறு கம்மி. எனவே தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் நிறமும் துவர்ப்பும் கொஞ்சம் சாற்றில் நெருக்கியடித்து நிற்கும். காபர்னே ஃப்ரான் என்ற கறுப்புத் திராட்சைக்கும் சோவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் எப்போதோ தோட்டத்தில் தற்செயலாக நடந்த கலப்பில் பிறந்தது இது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவைச் சோதித்து இதை வெளியிட்டது 1997-இல்தான். அதுவரை உலகின் மிகப் பிரபலமான ஒயின் திராட்சைக்குப் பெற்றோர் யார் என்றே தெரியாது. மெர்லோவின் தோல் மெலிது, சர்க்கரை அதிகம். அது கலவையின் நடுப்பகுதியில் சதைப்பற்றும் பிளம் பழத்தின் ருசியும் தரும். காபர்னே ஃப்ரான் வாசனைக்கு. பெத்தி வெர்தோ என்று ஒன்று உண்டு. மிகத் தாமதமாகப் பழுக்கும், அடர்ந்த நிறமும் காரமும் கொண்டது. சேர்த்தால் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு.

ஒவ்வொரு வயலின் பழமும் தனித்தனித் தொட்டியில் நொதிக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் தோட்டக்காரரும் பாதாள அறைப் பொறுப்பாளரும் ஆலோசகரும் சிறு சிறு மாதிரிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, எதில் எத்தனை பங்கு என்று தீர்மானிப்பார்கள். தேறாத தொட்டி இரண்டாம் தர ஒயினுக்குப் போகும். ஏப்ரலில் வியாபாரிகள் ருசிப்பது இந்தக் கலவையைத்தான்.

இனி துவர்ப்பு. இளம் காபர்னேயை முதல் முறை குடிப்பவர் முகத்தைச் சுளிப்பது இதனால்தான். கொட்டைப்பாக்கை மென்ற பிறகு நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்துக்கொள்ளுமே, அதே வேலை, அதே வகைப் பொருள்: டானின். எச்சிலில் வாயை வழவழப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. டானின் அவற்றைப் பிடித்துத் திரித்துவிடும். வழவழப்பு போய் நாக்கு அண்ணத்தில் உராயும். அதனால் துவர்ப்பு சுவை என்பதைவிடத் தொடு உணர்வுக்கே நெருக்கமானது என்கிறார்கள் ஆய்வாளர்கள். போர்டோவில் பரம்பரையாக ஒரு பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றி ஒயினைத் தெளியவைப்பார்கள். கரடுமுரடான டானினை வெள்ளைக்கருவின் புரதம் பிடித்துக்கொண்டு அடியில் படியும். வாயில் நடப்பதும் பீப்பாயில் நடப்பதும் ஒரே வினை. மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்ததுதான் கனெலே என்ற ஊர்ப் பலகாரம் என்று உள்ளூரில் ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, பலகாரம் நன்றாக இருக்கும்.

இந்த உராய்வு வருடங்கள் போகப் போகக் குறைகிறது. ஏன் என்பதற்குப் பழைய பாடப்புத்தக விளக்கம் எளிமையானது: டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்டு, கனத்து, வண்டலாக அடியில் படிந்துவிடும். அது பாதி உண்மை. ஒயினின் அமிலத்தில் நீண்ட சங்கிலிகள் அறுபடவும் செய்கின்றன. தோலிலிருந்து வந்த ஆந்தோசயனின் என்ற நிறமியும் டானினோடு சேர்ந்து புதுச் சேர்மங்களாகிறது. கோப்பையைச் சாய்த்து விளிம்பைப் பார்த்தால் அந்த வரலாறு கண்ணுக்கே தெரியும். இளசாக இருக்கும்போது விளிம்பு ஊதா. ஐந்தாறு வருடத்தில் மாணிக்கச் சிவப்பு. இருபது வருடத்தில் செங்கல் நிறம்.

ஒயினுக்கு வயதாவதில் ஆக்சிஜனுக்குப் பங்குண்டு என்று சோதனை செய்து காட்டியவர் லூயி பாஸ்டர். 1860-களில் கண்ணாடிக் குழாய்களில் ஒயினை அடைத்து, சிலவற்றை விளிம்புவரை நிரப்பி, சிலவற்றில் காற்றுக்கு இடம் விட்டு மூடினார். காற்றுள்ள குழாயில் நிறம் வெளுத்து வண்டல் படிந்தது, நிரம்பிய குழாயில் அப்படி நடக்கவில்லை. இன்று தக்கை வழியாகப் புகும் மிகச் சொற்பக் காற்றைப் பற்றி ஒயின்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவதற்கு மூலம் அங்கே இருக்கிறது. பெரிய புட்டியில் மெதுவாகவும் சின்னப் புட்டியில் வேகமாகவும் வயதாவதற்கும் ஒரு காரணம் இதுதான்: ஒன்றரை லிட்டர் மேக்னத்தில் சாதாரணப் புட்டியைவிட இரண்டு மடங்கு ஒயின், ஆனால் தக்கை கிட்டத்தட்ட அதே அளவு.

சரி, கோப்பை கைக்கு வந்துவிட்டது. முதலில் கண்ணை நம்பக் கூடாது. 2001-இல் கில் மொரோ, ஃப்ரெதெரிக் ப்ரோஷே, தெனி துபூர்தியூ மூவரும் வெளியிட்ட சோதனை ஒன்று பிரபலம். போர்டோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினையும், அதே ஒயினில் வாசனையில்லாத சிவப்பு நிறமியைக் கலந்ததையும் கொடுத்தார்கள். சிவப்பாக்கிய வெள்ளை ஒயினை மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய பழ வாசனைகளால் வர்ணித்தார்கள். இதை வைத்து ஒயின் ருசிப்பதே பித்தலாட்டம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கண் பார்த்ததை மூக்கு ஆமோதிக்கிறது என்பதைத்தான் அந்தச் சோதனை காட்டியது. அடர்ந்த நிறம் கண்டதும் இது நெடுநாள் தாங்கும் என்று முடிவுகட்டுவதற்கு எதிரான எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

மூக்குக்கு வருவோம். இளம் போர்டோவில் கரும் பெர்ரிகளின் வாசனை, ஊதா மலர் வாசனை, அதன் மேல் புது ஓக் பீப்பாயின் வனிலாவும் புகையும் இருக்கும். பீப்பாய் செய்யும்போது பலகைகளை நெருப்பில் வாட்டி வளைக்கிறார்கள். 225 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாயிலிருந்து வனிலின் ஒயினுக்குள் இறங்குகிறது. முதல் மோப்பத்தில் மரம்தான் முன்னால் நிற்கும். பரவாயில்லை, வருடங்களில் அது உள்ளே அடங்கும், ஆனால் அடங்குவதற்கு உள்ளே பழம் இருக்க வேண்டும். குடைமிளகாயை அறுத்த வாசனை வருகிறதா என்று தனியாகத் தேட வேண்டும். அது பைரசீன் என்ற சேர்மம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வெயில் பட்டுப் பழுக்கப் பழுக்கக் கொடியிலேயே குறைய வேண்டியது. கொஞ்சம் இருந்தால் காபர்னேக்கு ஓர் அழகு. தூக்கலாக இருந்தால் பழம் பழுக்கவில்லை என்று பொருள், புட்டியில் எத்தனை வருடம் படுத்தாலும் அது போகாது.

பிறகு ஒரு மிடறு. விழுங்காமல், உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சி வாய் முழுக்கப் பரப்ப வேண்டும். பார்க்க நாகரிகமாக இராது. இப்போது நான்கு விஷயங்களைத் தனித்தனியாகக் கவனிக்கலாம்: பழம், அமிலம், டானின், ஆல்கஹால். இவற்றில் அமிலமும் ஆல்கஹாலும் புட்டிக்குள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இன்று பல் கூசினால் இருபது வருடம் கழித்தும் கூசும். இன்று தொண்டையில் சூடாக இறங்கினால் அன்றும் அப்படித்தான் இறங்கும். டானின் மிருதுவாகும். பழமோ தேயும். பழ வாசனை தரும் எஸ்டர்கள் சிதையும். அவற்றின் இடத்தில் பதனிட்ட தோல், புகையிலை, சீடர் மரம், காளான், ஈரமண் என்று வேறு வாசனைகள் எழும்பும். ஆக, மாறக்கூடிய இரண்டுக்கும் இடையே ஒரு பந்தயம். டானின் இறங்கி முடிப்பதற்குள் பழம் தீர்ந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் காய்ந்த துவர்ப்பு. பொறுத்திருந்தால் சரியாகிவிடும் என்ற வாக்கை எல்லாக் குறைகளுக்கும் பொதுவாக்குவது ஒயின் விற்பவர்களின் பழைய பழக்கம். இந்த நான்கில் சரியாகக்கூடியது ஒன்றே ஒன்று: பழுத்த தோலிலிருந்து வந்த டானின். அது வாயைப் பிடித்து இழுத்தாலும் மாவு போல நைசாக, ஈறு முழுக்கப் பரவும். பழுக்காத விதையிலிருந்து வந்தது கசப்போடு ஒரே இடத்தில் குத்தும். பறிப்பதற்கு முன் தோட்டக்காரர்கள் விதையைக் கடித்துப் பார்ப்பதும், பச்சையாக இருந்தால் தள்ளிப்போடுவதும் இதற்காகத்தான்.

துப்பிய பிறகும் வேலை முடியவில்லை. ருசி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ண வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு கொதாலி என்று ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். ஒரு கொதாலி ஒரு விநாடி. கடைசியில் நிற்பது பழமா, துவர்ப்பா, மரமா என்பதுதான் முக்கியம். பழம் நின்றால் அந்த ஒயினைக் காத்திருக்க வைக்கலாம். இருபதாவது கோப்பைக்குப் பிறகு இந்தக் கணக்கு எதுவும் நம்பத்தக்கதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். டானின் வாயில் சேர்ந்துகொண்டே போகும், அடுத்து வரும் ஒயின் எதுவானாலும் அதன் பங்குக்கு மேல் துவர்க்கும். மென்மையான, மெர்லோ மிகுந்த ஒயின்கள் இத்தகைய கூட்ட ருசிப்பில் பெரிய மதிப்பெண் வாங்குவதில் ஆச்சரியமில்லை.

தேர்ந்த நாக்குகளும் இதில் சறுக்கியிருக்கின்றன. 1975 போர்டோ வந்தபோது டானின் கடுமை. நெடுங்கால ஒயின் என்று மதிப்பிட்டுப் பலர் பூட்டி வைத்தார்கள். அதில் பல, துவர்ப்பு இறங்கு முன்பே பழத்தை இழந்துவிட்டன. 1982 நேர் எதிர்: நன்றாக வெயில் கண்ட வருடம், இளசிலேயே சதைப்பற்றான ருசி, அமிலம் கம்மி. இது தாங்காது என்று சிலர் ஒதுக்கினார்கள். மேரிலாண்டில் வழக்கறிஞராக இருந்துகொண்டே ஒயின் விமர்சனம் எழுதிய ராபர்ட் பார்க்கரோ இது பெரிய வருடம் என்று உரக்கச் சொன்னார், அந்தக் குரலில் அவருடைய பெயரும் உலகமெங்கும் பரவியது. 1982-இன் நல்ல புட்டிகள் பல பத்தாண்டுகள் தாண்டியும் நிமிர்ந்து நின்றன. இளமையில் இனிதாக இருப்பது ஆயுளுக்குக் கேடு என்ற நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

1976-இல் பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி நடத்திய போட்டி இதைவிடச் சுவையானது. பெயரை மறைத்துக் கொடுத்த கோப்பைகளில் கலிபோர்னியாவின் 1973 ஸ்டாக்ஸ் லீப், போர்டோவின் புகழ்பெற்ற ஷாத்தோக்களை, அதாவது ஒயின் பண்ணைகளை, முந்திவிட்டது. எங்கள் ஒயின்கள் இன்னும் இளசு, வயதானால் தெரியும் சேதி என்பது பிரெஞ்சுத் தரப்பின் சமாதானம். நியாயமான வாதம்தான், சோதிக்கவும் கூடியது. 30 வருடம் கழித்து, 2006-இல், அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் மறுபடி திறந்தார்கள். முதலிடம் பிடித்தது 1976-இல் ஐந்தாவதாக வந்த கலிபோர்னியாவின் 1971 ரிட்ஜ் மான்டே பெல்லோ. முதல் ஐந்து இடங்களில் ஒரு போர்டோ கூட இல்லை.

திராட்சையின் பெயரை வைத்து ஆயுளைச் சொல்வதும் இப்படித்தான் காலை வாரும். காபர்னே என்றால் நெடுநாள், மெர்லோ என்றால் சீக்கிரம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் பொமெரோலின் பெத்ருஸ் கிட்டத்தட்ட முழுக்க மெர்லோ. நீலக் களிமண் மேட்டில் விளையும் அது அரை நூற்றாண்டு நிற்கும்.

இடையில் வேறொரு சங்கடமும் உண்டு. புட்டியில் அடைத்து இரண்டு, மூன்று வருடத்தில் தொடங்கிப் பல போர்டோக்கள் வாயை மூடிக்கொள்ளும். இளமையின் பழ வாசனை அடங்கியிருக்கும், முதுமையின் வாசனை இன்னும் எழுந்திருக்காது. வெறும் டானினும் அமிலமும் முன்னால் நிற்கும். இந்த நிலையில் திறந்தவர் ஒயின் கெட்டுப்போனது என்று நினைத்துக்கொள்வார். எப்போது மூடும், எப்போது திறக்கும் என்பதற்கு வேதியியலில் தெளிவான கணக்கு கிடையாது.

பெரும்பாலான ஒயின்களுக்கு இந்தத் தலைவேதனை எதுவும் வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் சிவப்பு ஒயின் வாங்கிய ஓரிரு வருடத்தில் குடிப்பதற்கென்றே செய்தது. அதைப் பத்து வருடம் வைத்தால் கிடைப்பது பழைய சாதாரண ஒயின். போர்டோவின் பெரிய பெயர்களேகூட இன்று முன்பைவிடச் சீக்கிரம் இணங்கி வருகின்றன. போர்டோ பல்கலைக்கழகத்தின் எமில் பெய்னோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில், பழத்தை முழுதாகப் பழுக்க விட்டுப் பறியுங்கள், கூசவைக்கும் மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக்கும் இரண்டாம் நொதித்தலைத் தற்செயலுக்கு விட்டுவிடாதீர்கள் என்று பாடம் நடத்தியதன் பலன் அது. பருவநிலை சூடாவதும் கூடவே சேர்ந்துகொண்டது. பழம் பழுக்குமா என்ற பழைய கவலை போய், அதிகம் பழுத்து ஆல்கஹால் ஏறிவிடுமோ என்ற கவலை வந்திருக்கிறது. 2021-இல் போர்ச்சுகலின் தூரிகா நாசியோனால் உட்பட வெயில் தாங்கும் சில புதிய திராட்சைகளைக் கலவையில் பத்து சதவீதம் வரை சேர்க்க அனுமதி கொடுத்ததும் அதனால்தான்.

எப்போது குடிப்பது என்ற தீர்மானத்தை வாங்குபவர் தலையில் கட்டுவதே தவறு என்று முடிவெடுத்த ஷாத்தோவும் ஒன்று உண்டு. லத்தூர், 2012-இல், இனி முன்விற்பனை இல்லை என்று அறிவித்தது. தன் பாதாள அறையிலேயே வைத்திருந்து, குடிக்கலாம் என்று தனக்குத் தோன்றும்போது விற்கிறது. விலையும் அதற்கேற்றாற்போல.

அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கு வியாபாரிகளின் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. ஒரே ஒயினில் ஆறோ பன்னிரண்டோ வாங்கி, நாலைந்து வருடத்தில் முதல் புட்டியைத் திறப்பது. பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தக்கை போட்டு வைத்து மறுநாள் ருசிப்பது. மறுநாள் முந்தைய நாளைவிட நன்றாக இருந்தால் இன்னும் வருடங்கள் உண்டு. தட்டையாகிவிட்டால் மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஓர் இரவுக் காற்றும் பத்து வருடப் புட்டி வாழ்க்கையும் ஒன்றல்ல. ஆனாலும் செலவில்லாத சோதனை.

வைக்கும் இடம் 12, 13 டிகிரியில் இருட்டாக இருக்க வேண்டும், புட்டி படுத்திருக்க வேண்டும். பரணில் முப்பத்தைந்து டிகிரியில் வைத்தால் சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். சூட்டில் எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகம் பிடிப்பதில்லை. வெந்த பழத்தின் வாசனைதான் வரும். அந்த வசதி இல்லாத வீட்டில், சென்னையோ மதுரையோ, எந்த விமர்சகர் எந்த வருடத்தைக் குறித்திருந்தாலும் வாங்கிய வருடத்திலேயே குடித்துவிடுவது நல்லது. இளம் ஒயினானால் குடிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே வாயகன்ற குவளையில் ஊற்றி வைக்கலாம். அதிகம் குளிர வைத்தால் துவர்ப்பு தூக்கலாகும்; 16, 17 டிகிரி போதும். கூடவே கொழுப்புள்ள ஆட்டுக்கறி இருந்தால், டானின் எச்சிலை விட்டுவிட்டுக் கறியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்.